ஊருக்குள் இருந்துகொண்டே காலையில் கொஞ்ச நேரம் இயற்கையோடு தனியாக இருந்தால் மனசு லேசாகுமா?

படுக்கையில் இருக்கும் அப்பாவைப் பார்த்துக்கொண்டு வேலைக்கும் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அண்ணன் பக்கத்துத் தெருவில் இருந்தும் எல்லாப் பொறுப்பும் உங்கள் தலையில்தான் என்றும், மலை, காடு என்று போக வழியே இல்லை என்றும் சொல்லியிருக்கிறீர்கள்.

லேசாகும். மலைக்குப் போக வேண்டியதில்லை. அம்மா பக்கவாதத்தில் படுத்த பிறகு எனக்குக் கைகொடுத்தது கோவையில் எங்கள் வீட்டுப் பக்கம் இருக்கும் சிங்காநல்லூர் குளம்தான்.

அங்கே எல்லாம் பளிச்சென்று இருக்காது. நொய்யல் தண்ணீரோடு சாக்கடையும் கலக்கிறது, சில நாள் நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆகாயத்தாமரை படர்ந்து கிடக்கும், திருச்சி ரோட்டிலிருந்து பஸ் ஹாரன் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆனாலும் நீலத்தாழைக்கோழி, நாமக்கோழி, பாம்புத்தாரா, நீர்க்காகம் என்று அத்தனையும் அங்கே பிழைக்கின்றன. அந்தக் கரையில் போய் உட்கார எனக்கும் அது போதுமாக இருந்தது.

'மனதைக் காலியாக வைத்துக்கொள்' என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது வரவே வராது. கண்ணை மூடினால் மாத்திரை தீர்ந்துபோனதும் ஆபீஸில் முடிக்காத வேலையும்தான் வந்து நிற்கும். என்னைக் காப்பாற்றியது முக்குளிப்பான் என்கிற சின்ன நீர்ப்பறவை. புறா அளவுதான், பழுப்பு நிறம், வால் என்று ஒன்று இருப்பதே தெரியாது. நீந்திக்கொண்டே இருக்கும், சட்டென்று தலைகுப்புற மூழ்கிவிடும். பத்திருபது விநாடி கழித்து நாம் நினைத்த இடத்தை விட்டு வேறெங்கோ தலையை நீட்டும். 'இந்தத் தடவை அந்தக் கோரைப்புல் பக்கம்தான் வரும்' என்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு எந்த நினைப்புக்கும் இடமில்லை. சில சமயம் எதிர்பார்த்த இடத்திலேயே வந்துவிடும், அப்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அன்று முழுக்கக் கூடவே வரும்.

இது வெறும் என் அனுபவம் இல்லை. 1984-ல் ரோஜர் உல்ரிச் என்பவர் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. பித்தப்பை அறுவைச் சிகிச்சை முடிந்த நோயாளிகளில், ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவர் மட்டும் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், அவர்களுக்கு வீரியமான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. 2019-ல் இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரை வைத்துச் செய்த ஆய்வில், வாரத்துக்கு மொத்தம் 120 நிமிடமாவது இயற்கையில் செலவிட்டவர்கள் உடல்நிலையும் மனநிலையும் நன்றாக இருப்பதாகச் சொன்னது கூடுதலாக இருந்தது. அதை ஒரே நாளில் செலவிட்டாலும் பிரித்துப் பிரித்துச் செலவிட்டாலும் வித்தியாசமில்லை. அதனால் தினமும் போக முடியவில்லையே என்று மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். காலை வெளிச்சம் கண்ணில் படுவது உடம்பின் கடிகாரத்தைச் சரியாக வைக்கும், ராத்திரி தூக்கமும் ஒழுங்காகும். நடு இரவில் எழுந்து அப்பாவைப் பார்க்கிற உங்களுக்கு இது ரொம்பவே முக்கியம்.

அப்புறம், ஒரே இடத்துக்கே போங்கள். குளம், கோயில் தெப்பம், பூங்கா, மொட்டை மாடியிலிருந்து தெரிகிற வேப்பமரம், எதுவானாலும் சரி. பழகின இடத்தில்தான் மாற்றம் கண்ணில் படும். மழைக்காலம் நெருங்கும்போது வாலாட்டிக் குருவிகள் கரையில் ஓட ஆரம்பிக்கும், வெயில் ஏறும் மாதங்களில் காணாமல் போய்விடும். போனைப் பையிலேயே வையுங்கள். இருட்டோடு போகாமல், நடைப்பயிற்சிக்கு ஆட்கள் வரத் தொடங்கிய பிறகு போங்கள்.

அழுகை நிற்கவில்லை, பசியில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் குளக்கரை மட்டும் போதாது, டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

கடைசியாக, அந்த ஒரு மணி நேரம் தானாகக் கிடைக்காது, வாயைத் திறந்து கேட்க வேண்டும். என் தம்பி காலை ஆறிலிருந்து ஏழு வரை அம்மாவிடம் இருக்கிறான். நான் கேட்கும்வரை அவனுக்கு அது தோன்றவே இல்லை, கேட்டதும் "சரிக்கா, நான் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டான். உங்கள் அண்ணனிடம் 'உதவி பண்ணு' என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, அப்பாவுக்கு அப்போது என்ன கொடுக்க வேண்டும் என்பது வரை சொல்லிக் கேளுங்கள்.