“அந்த நாற்காலியில் உட்காரலாமா?” – ஐரிஷ் இசை விழா: வாசகர் கேள்வி பதில்

ஜூலையும் ஆகஸ்டும் அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் விழாக்காலம். சென்ற இதழில் மில்டவுன் மால்பே என்னும் ஊரின் இசை விழா பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள் மேசையை நிறைத்துவிட்டன. எனிஸ் நகரில் குடியிருந்துகொண்டு, கர்நாடக வயலினோடு ஐரிஷ் பிடிலும் வாசிக்கிறவள் என்கிற ஒரே தகுதியில் பதில் சொல்கிறேன். ஊர்ப் பெயர்களை மட்டும் போட்டிருக்கிறேன். ஏன் என்பது சில கேள்விகளைப் படித்தால் விளங்கும்.

ஜூலை முதல் வாரம் குடும்பத்தோடு அயர்லாந்து வருகிறோம். பெரிய ஃப்ளா விழாவுக்குப் போவதா, மில்டவுன் மால்பேக்குப் போவதா? – டொரண்டோ

உங்களுக்கு இந்தக் குழப்பமே வேண்டாம். அகில அயர்லாந்து ஃப்ளா ஆகஸ்டில்தான். கோல்டஸ் என்னும் ஐரிஷ் மரபிசை அமைப்பு 1951இல் மல்லிங்கரில் தொடங்கிய போட்டி விழா அது. ஊர் விட்டு ஊர் மாறும். 2024, 2025 இரண்டு ஆண்டுகளும் வெக்ஸ்ஃபோர்டில் நடந்தது. கூட்டம் லட்சக்கணக்கில் வரும். தெருவில் நடக்கவே தோளால் வழி உண்டாக்க வேண்டும்.

ஜூலையில் நடக்கும் மில்டவுன் மால்பே வேறு ரகம். வில்லி கிளான்ஸி என்கிற இலன் பைப் (கை இடுக்கில் துருத்தி வைத்து ஊதும் ஐரிஷ் குழல்) கலைஞர் அந்த ஊர்க்காரர், தச்சு வேலை செய்தவர். 1973 ஜனவரியில் இறந்துபோனார். அந்த ஆண்டே அவர் நினைவாக ஒரு கோடைப் பள்ளியைத் தொடங்கினார்கள். காலையில் ஊர்ப் பள்ளிக்கூடங்களிலும் வீடுகளிலும் வகுப்பு. பிற்பகலில் உரையும் கச்சேரியும். இரவில் கெய்லி என்னும் கூட்டு நடனம். இவை தவிர, பப்களில் நாள் முழுக்க செஷன், அதாவது மேடையில்லாமல் கூடி உட்கார்ந்து வாசிப்பது. கடைத்தெருவை மெதுவாக நடந்து கடந்தாலே நாலைந்து வாசல்களிலிருந்து நாலைந்து ராகம் காதில் விழும். செஷன் கேட்கக் கட்டணமில்லை. ஆனால் மூன்று மணி நேரம் ஓர் இருக்கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் மட்டும் கேட்டுக் குடிப்பது அழகல்ல. ஒரு தேநீராவது வாங்குங்கள்.

தங்குமிடம்தான் தலைவலி. ஊருக்குள் அறை கிடைப்பது முன்பதிவில் முந்திக்கொண்டவர்களுக்கே. லாஹிஞ்ச், எனிஸ்டைமன், எனிஸ் என்று சற்றுத் தள்ளிப் பாருங்கள். ரயிலை நம்ப வேண்டாம். வெஸ்ட் கிளேர் ரயில்பாதையை 1961இல் மூடிவிட்டார்கள். அருகில் உள்ள ரயில் நிலையம் எனிஸ்தான். அங்கிருந்து கார் வைத்துக்கொள்வது உத்தமம். ஜூலைதானே என்று மழைச் சட்டையை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். அட்லாண்டிக் காற்று நாள்காட்டி பார்ப்பதில்லை.

செஷனில் வட்டமாக உட்கார்ந்து வாசிக்கிறார்கள். நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் ஏதோ சரியில்லை என்று பட்டது. – கால்வே

உங்கள் உள்ளுணர்வு சரி. அந்த நாற்காலி பெரும்பாலும் யாருக்காகவோ வைத்திருப்பது: சிகரெட் பிடிக்க வெளியே போன கான்செர்டினா (கைத்துருத்தி வாத்தியம்) வாசிப்பவருக்கு, அல்லது இன்னும் வந்து சேராத மூத்த புல்லாங்குழல்காரருக்கு. 2004 முதல் பப்புக்குள் புகைக்கத் தடை என்பதால் நாற்காலிகள் அடிக்கடி காலியாகும். காலி என்பதற்காக அது பொது அல்ல. ஐரிஷ்காரர்கள் முகத்துக்கு நேரே “எழுந்திரு” என்று சொல்ல மாட்டார்கள். வானிலையைப் பற்றிப் பேசுவார்கள். நீங்களாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

வாத்தியத்தோடு போனவர் என்றால், பெட்டியைத் திறக்காமல் ஓரமாக உட்கார்ந்து கேளுங்கள். இரண்டு இசைத் தொகுப்புகள் முடிந்த பிறகு யாராவது “வாசிப்பீர்களா?” என்று கேட்பார். கேட்கவில்லையா, இடைவெளியில் நீங்களே கேட்கலாம். ஒன்று மட்டும் வேண்டாம்: தெரியாத மெட்டு ஓடும்போது வாத்தியத்தில் மெல்ல ஸ்வரம் தேடிக் கொண்டிருப்பது. தேடுகிறவருக்கு அது கேட்காது. பக்கத்தில் இருப்பவருக்கு அது மட்டும்தான் கேட்கும்.

நான் கஞ்சிரா வாசிப்பவன். பௌரானும் கஞ்சிராவும் ஒரே குடும்பம்தானே? செஷனில் சேர்ந்துகொள்ளலாமா? – லிமரிக்

ஒரே குடும்பம்தான், சட்டகத்தில் தோல் கட்டிய வாத்தியம். அதனாலேயே சிக்கல். ஒரு செஷனுக்கு ஒரு பௌரான் போதும் என்பது எழுதாத சட்டம். இரண்டாவது பௌரான் உள்ளே வரும்போது பிடில்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். அந்தப் பார்வையை நீங்கள் வாங்க வேண்டாம். அங்கே பௌரான் இல்லாத நாளாகப் பார்த்து, கேட்டுவிட்டு வாசியுங்கள்.

ஜிக், ரீல் எல்லாம் இங்குள்ள நடன மெட்டு வகைகள். ஜிக் உங்களுக்குச் சுலபமாகவே பிடிபடும். தகிட தகிட என்று திஸ்ரம் ஓடும். ஸ்லிப் ஜிக்கில் மூன்று தகிட. ரீல் சதுஸ்ரம், ஆனால் ஓட்டம் அதிகம். கணக்கு வரும் என்பதற்காகக் கோர்வை வைத்து முடிக்கப் பார்க்காதீர்கள். தனி ஆவர்த்தனம் என்கிற பேச்சே இங்கே கிடையாது. மெட்டு தலைவன், தாளம் அதன் நிழல். உங்களுக்குக் கை துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். முதல் மாலை வெறும் ஒரு கையின் மென்மையான அடியோடு முடிந்தால், இரண்டாம் மாலை அவர்களே அழைப்பார்கள்.

எனக்கு எல்லாம் ஒரே பாட்டாகவே கேட்கிறது. பத்து நிமிடத்தில் சலிப்பு. எப்படித்தான் ரசிக்கிறீர்கள்? – டப்ளின்

மனம் திறந்து கேட்டதற்கு நன்றி. இந்தக் கேள்வியைத் தமக்குள் வைத்துக்கொண்டே பலர் தலையாட்டிக்கொண்டு இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் சட்டகம். ஒரு மெட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு பகுதி. ஒவ்வொன்றும் எட்டு பார், அதாவது எட்டு தாளக் கட்டம். ஒவ்வொன்றையும் இரு முறை வாசிப்பார்கள். ஆக முப்பத்திரண்டு பார் ஒரு சுற்று. இப்படி இரண்டு மூன்று சுற்று போனதும், நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். அந்தத் தாவல்தான் ருசி. டி என்னும் சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று ஏ சுருதிக்கு ஏறும்போது அறையே ஒரு அங்குலம் உயர்ந்த மாதிரி இருக்கும். சுவரோரம் சாய்ந்து நிற்பவர் ஒருவர் “ஹப்” என்று கத்துவார். அடுத்த முறை அந்த இடத்துக்காகக் காத்திருந்து பாருங்கள், சலிப்பு வராது.

இரண்டாவது, ஸ்வரங்கள். நம் காதுக்கு இது முற்றிலும் அந்நியமல்ல. நிறைய மெட்டுகள் சங்கராபரணம், ஹரிகாம்போஜி, கரகரப்பிரியா ஆகியவற்றின் ஸ்வர வரிசையில் நிற்பவை. ஆனால் ராகமாகக் கேட்கப் போனால் ஏமாந்து போவீர்கள்; விரிவு இல்லை, ஆலாபனை இல்லை. வித்தியாசம் அலங்காரத்தில் இருக்கிறது. ‘ரோல்’ என்பார்கள்: ஒரு ஸ்வரம், மேல் ஸ்வரத்தைத் தொட்டு மீண்டும் அதே ஸ்வரம், கீழே தொட்டு மீண்டும் அதே ஸ்வரம். கண் இமைக்கும் நேரத்தில் ஐந்தும் முடிந்துவிடும். சுற்றுக்குச் சுற்று அதை இடம் மாற்றி வைப்பதில்தான் கலைஞனின் கை தெரியும். முதல் சுற்றில் ரோல் வந்த இடத்தில் இரண்டாவது சுற்றில் நீண்ட ஒற்றை ஸ்வரம் வரும். மூன்றாவதில் அந்த இடத்தில் ஒரு மௌனமே வரலாம். ஒரே பாட்டு என்று நீங்கள் சொல்வது உண்மையில் மூன்று பாட்டு.

மூன்றாவது, ஊர். டோனகல் பிடில்காரர்கள் வில்லைக் குட்டை குட்டையாக வெட்டி வேகமாகப் போவார்கள். கார்க்–கெர்ரி எல்லையில் ஸ்லீவ் லூக்ரா பகுதியில் போல்கா, ஸ்லைடு என்னும் நடன மெட்டுகள்தான் ராஜா. எங்கள் கிழக்குக் கிளேரில் அவசரமே கிடையாது, பி. ஜோ ஹேய்ஸும் அவர் மகன் மார்ட்டின் ஹேய்ஸும் வாசித்த பாணி அது. 1946இல் தொடங்கிய டல்லா கெய்லி குழுவின் ஊர்ப்பக்கம். ஆகஸ்டில் ஃபீக்கிள் விழாவுக்குப் போய் ஓர் இரவு உட்காருங்கள். அந்த நிதானத்தில் சோகம் கலந்த ஓர் இனிமை இருக்கும். முகாரி பிடித்தவர்களுக்குப் பிடிக்கும் என்பது என் அனுமானம்.

இன்னும் பிடிக்கவில்லை என்றால் பரவாயில்லை. பிடிக்காத உரிமை உங்களுக்கு உண்டு. பாதியில் உரக்கப் பேசும் உரிமை கிடையாது.

பதினோரு வயது மகள் கர்நாடக வயலினும் ஐரிஷ் பிடிலும் கற்கிறாள். மாவட்ட ஃப்ளாவில் பெயர் கொடுத்திருக்கிறோம். என்ன எதிர்பார்க்கலாம்? – ஷானன்

மாவட்டம், பிறகு மாகாணம், பிறகு அகில அயர்லாந்து. ஒவ்வொரு படியிலும் முதல் இரண்டு இடங்கள் அடுத்த படிக்குப் போகும். உங்கள் மகள் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் பிரிவு. பெரிய மேடை இருக்கும் என்று எண்ணி அலங்காரம் செய்யாதீர்கள்; பெரும்பாலும் அது ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. முன்னால் ஒரு மேசை, அதன் பின்னால் காகிதத்தில் எழுதிக்கொண்டே கேட்கும் நடுவர், சுவரில் பிள்ளைகள் ஒட்டிய டைனோசர் படம். பக்கவாத்தியம் இல்லை. குழந்தை எழுந்து போய் வாசித்துவிட்டு வந்து உட்காரும். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அம்மாக்களின் நாடித்துடிப்புக்குத்தான் நேரமாகும்.

நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன். இரண்டு இசைக்கும் ஒரே வயலினை வைத்திருக்கிறீர்களா? ச-ப-ச-ப என்று கூட்டியிருப்பதைப் போட்டி நாளில் ஜி-டி-ஏ-ஈ என்று முறுக்கினால் தந்தி அறும், அல்லது மேடையில் நழுவும். விரல் வைக்கும் இடமும் குழம்பும். பழையதாக இருந்தாலும் ஐரிஷுக்கென்று தனி வயலின் வாங்கிவிடுங்கள். கமகம் தானாக விரலில் வந்தால் அதட்டாதீர்கள். ஆனால் போட்டியில் அது குறையாகவே எண்ணப்படும் என்று குழந்தையிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தரையில் சம்மணமிட்டு வாசித்துப் பழகிய குழந்தைக்கு நாற்காலியிலும் நின்றும் வாசிக்கச் சில வாரம் பழக்கம் வேண்டும்.

பரிசு வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டால் நடுவர் எழுதிக் கொடுக்கும் தாளைத் தொலைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியரிடம் காட்ட அதைவிட உபயோகமானது இல்லை. நடுவரிடம் போய் வாதாடும் பெற்றோரை எல்லா நாட்டிலும் பார்த்துவிட்டேன். தயவுசெய்து அந்தப் பட்டியலில் சேராதீர்கள்.

பப்புக்குக் குழந்தையை அழைத்துப் போகலாமா? நாங்கள் மது தொடுவதில்லை, சைவம் வேறு. – கார்க்

போகலாம். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் இரவு ஒன்பதுக்குள் வெளியேற வேண்டும் என்பது சட்டம். மே முதல் செப்டம்பர் வரை பத்து மணி. இரவு செஷன் பல இடங்களில் ஒன்பதரைக்குத்தான் சூடு பிடிக்கும், எனவே குழந்தையோடு என்றால் பிற்பகல் செஷன். ஆரஞ்சுச் சாறு கேட்டால் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். சாப்பாட்டைப் பற்றி அதிகம் எதிர்பார்க்காமல் முன்பே முடித்துக்கொண்டு போங்கள்.

செஷனில் பாடச் சொன்னார்கள். தமிழில் ஒரு பாட்டுப் பாடினேன். பாதியில் ஒரு முதியவர் என் கையைப் பிடித்து மெல்லச் சுழற்றினார். பயந்துபோய் ஒரு வரியை விட்டுவிட்டேன். முடிந்ததும் “அடுத்தவரை நீங்கள் கூப்பிடுங்கள்” என்றார்கள். என்ன நடந்தது? – ட்ரலீ

உங்களைப் பாடகியாக ஏற்றுக்கொண்டார்கள், அதுதான் நடந்தது. ஷான் நோஸ் என்னும் பழைய பாணியில் துணைக்கு வாத்தியம் இல்லாமல் தனித்துப் பாடுவார்கள். கேட்பவர் பாடகரின் கையைப் பற்றிக் கடிகார விசை முறுக்குவதுபோல் சுழற்றுவது கொனமாராப் பக்கத்தில் இன்றும் உண்டு. “நான் உன்னோடு இருக்கிறேன், பாடு” என்று பொருள். நாம் “சபாஷ்” என்போமே, அவர்கள் அதைக் கையால் சொல்கிறார்கள்.

பாடியவர் அடுத்தவரை அழைப்பதும் மரபு. அழைக்கப்பட்டவர் மறுக்கக் கூடாது. பாட முடியாவிட்டால் ஒரு கவிதை, ஒரு கதை, ஏதாவது சொல்லியாக வேண்டும். வெட்கப்படுகிறவரைக் குறும்புக்காகக் கூப்பிடாதீர்கள். பாட்டு நடக்கும்போது கூடத்தில் யாரும் அசையவில்லை என்று கடிதத்தின் கடைசியில் வருத்தமாக எழுதியிருக்கிறீர்கள். பேச்சும் கண்ணாடிச் சத்தமும் ஓயாத அந்த அறையை நிறுத்த இவர்களுக்கு மனித குரல் ஒன்றுதான் தேவைப்படுகிறது. தமிழ் அவர்களுக்குப் புரியவில்லை. அதனால் என்ன, ஐரிஷ் மொழிப் பாட்டே அந்த அறையில் பாதிப் பேருக்குப் புரியாது.

கர்நாடக இசைக்கும் ஐரிஷ் இசைக்கும் தொடர்பு உண்டு என்று வாட்ஸ்அப்பில் வந்தது. கட்டுக்கதையா? – மாலோ

பொதுவாகக் கட்டுக்கதைதான். ஒரு விதிவிலக்கு உண்டு, அதுவும் உங்கள் ஊர்ப் பெயரில். முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) சென்னையில் ஆங்கிலேயரின் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு நொட்டு ஸ்வரங்கள் இயற்றினார். அவற்றில் ‘வந்தே மீனாட்சி’ என்பது ‘ரேக்ஸ் ஆஃப் மாலோ’ என்னும் ஐரிஷ் மெட்டு. அடுத்த செஷனில் அதைக் கேட்டு வாங்குங்கள். அவர்கள் வாசிக்கும்போது நீங்கள் சம்ஸ்கிருதத்தில் பாடினால் கூடத்தின் முகம் எப்படி மாறுகிறது என்று எனக்கு எழுதுங்கள்.

முழுச் செஷனையும் மொபைலில் பதிவு செய்யலாமா? – வாட்டர்ஃபோர்டு

கேட்டுவிட்டு, ஒரு மெட்டு. விளக்கைப் போடாமல்.