கேக் தட்டுல கைப்பிரதி வைக்கலாமா?

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். நாங்க யாங்கோன்ல தாமுவே பக்கம் அஞ்சாவது மாடில இருக்கோம். எதிர்வீடு பர்மீஸ் புத்த குடும்பம், ரெண்டாவது மாடில நம்ம தமிழ் ஆளுங்க, இந்து குடும்பம், அந்த அக்கா எங்களுக்கு ரொம்ப பழக்கம். கிறிஸ்துமஸ் கேக் குடுக்கும்போது இயேசுவ பத்தின ஒரு கைப்பிரதியும் (சின்ன நோட்டீஸ்) வச்சு குடுக்கலாமா, இல்ல கேரல் குரூப்ப கூட்டிட்டு வந்து அவங்க வாசல்ல பாட வைக்கலாமா? மதம் மாத்த வர்றாங்கன்னு நெனச்சுட்டா பழக்கம் கெட்டுடுமோன்னு பயம். சொல்லாம இருக்கவும் மனசு கேக்கல.

பதில்: கேக் குடுங்க தங்கச்சி, கைப்பிரதிய வீட்டுலயே வச்சிட்டுப் போங்க. ரெண்டையும் ஒரே தட்டுல வச்சா கேக்கு லஞ்சம் மாதிரி ஆயிடும், "ஓ, இதுக்குத்தானா"ன்னு ஒருதடவ தோணிட்டா அப்புறம் நீங்க சும்மா ரசம் குடுத்தாக்கூட சந்தேகமாத்தான் பாப்பாங்க. பர்மாக்காரங்க மொகத்துக்கு நேரா வேணாம்னு சொல்ல மாட்டாங்க, சிரிச்சுக்கிட்டே வாங்கி வச்சுப்பாங்க, நாம அத "ரொம்ப ஆர்வமா வாங்குனாங்க"ன்னு சபையில சாட்சி சொல்லிக்கிட்டு இருப்போம்.

நம்ம ஊர் கதையே இருக்கே. அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயா 1813ல ரங்கூன்ல வந்து எறங்குனாரு, மொத ஞானஸ்நானம் 1819ல, மௌங் நாவ்ங்கறவருக்கு, நடுவுல ஆறு வருஷம் ஓடிப்போச்சு. அதே 1819லதான் ரோட்டோரமா ஒரு ஸயாட் கட்டுனாரு, வழிப்போக்கருங்க ஒக்காந்து எளைப்பாற இங்க புண்ணியத்துக்கு கட்டுவாங்களே அந்த சாவடிதான், அதுல ஒக்காந்து வர்றவங்ககிட்ட பேசுனாரு, கேட்டவங்களுக்கு பதில் சொன்னாரு. உங்களுக்கும் நான் சொல்றது அதுதான், அவங்க வாசலுக்கு நீங்க போறதவிட உங்க வீட்டுக்கு அவங்கள கூப்பிடுங்க. 25ஆம் தேதி கவர்மெண்ட் லீவு, எல்லாரும் வீட்ல இருப்பாங்க, காலைல ஆராதனை முடிச்சிட்டு மத்தியான சாப்பாட்டுக்கு வரச் சொல்லுங்க.

கூப்பிடுறதுக்கு நீங்களே படி எறங்கிப் போகணும். நம்ம ஊர் மாடி வீடுங்கள்ல கிளிப்பு மாட்டி கயிறு தொங்குமே, பேப்பரு காய்கறியெல்லாம் அதுலதான் மேல ஏறும், சோம்பேறித்தனத்துல கேக்கையும் அதுல கட்டி எறக்கிடாதீங்க! எதிர்வீட்டுல செருப்ப வெளியவே விட்டுட்டு உள்ள போங்க, புத்தர் மேடை பக்கம் கால நீட்டி ஒக்காராதீங்க, தட்டு குடுக்கும்போது வலது கையில புடிச்சு இடது கையால வலது முழங்கைகிட்ட லேசா தொட்டுக்கிட்டு குடுங்க. அந்த வீட்டுப் பெரியவங்களுக்கு நீங்க பேசுற எதையும்விட இது மொதல்ல கண்ணுல படும்.

சமையல்ல கொஞ்சம் கவனம். மாட்டுக்கறி வேணவே வேணாம், அக்கா வீட்ல மட்டுமில்ல, பர்மீஸ்லயும் நெறைய பேரு தொடமாட்டாங்க. கிறிஸ்துமஸ் மார்கழில வருது, அக்கா வீட்டுக்காரரு சபரிமலைக்கு மாலை போட்டிருந்தா கோழி பிரியாணியும் வேலைக்காகாது, முட்டை கேக்கும் ஆகாது. முன்னாடியே கேட்டுடுங்க, முறுக்கு அதிரசம் சுட்டு தனியா ஒரு தட்டு வச்சிடுங்க. எதிர்வீட்டு பாட்டி உபோசத நாள், அதாவது புத்த மத நோன்பு நாள், புடிக்கிறவங்களா இருந்து அன்னைக்கு அந்த நாளா அமைஞ்சுட்டா மத்தியானத்துக்கு மேல சாப்பிட மாட்டாங்க, அதனால பதினோரு மணிக்கெல்லாம் எல போட்டுடுங்க.

சாப்பிட்டு முடிச்சப்புறம், "இன்னைக்கு நாங்க எதுக்கு கொண்டாடுறோம்னு ஒரு பத்து நிமிஷம் வாசிக்கிறோம், ஒக்காந்து கேக்குறீங்களா"ன்னு வெளிப்படையா கேளுங்க, சாப்பாட்டுக்கு கூப்பிட்டுட்டு திடீர்னு கூட்டம் ஆரம்பிக்கக்கூடாது, அது ஏமாத்து வேலை. லூக்கா 2ஆம் அதிகாரத்துல மொத இருபது வசனம் போதும். ஜட்சன் ஐயாவோட பர்மீஸ் பைபிள் மொழிபெயர்ப்பு, திருத்தின பதிப்பு 1840ல அச்சானது, அழகுதான், ஆனா பழக்கமில்லாதவங்களுக்கு கடினமா இருக்கும், அதனால இப்ப இருக்குற எளிய பர்மீஸ்ல வாசிங்க, உங்க பசங்க ஸ்கூல்ல பர்மீஸ்தானே படிக்குது, அதுங்க வாசிச்சா பாட்டிக்கும் சந்தோஷம். அப்புறம் இயேசு உங்களுக்கு யாரு, உங்க வீட்ல என்ன பண்ணாருன்னு ரெண்டு நிமிஷம் உங்க வாயால சொல்லுங்க. மந்தையில கெடந்த இடையனுங்களுக்கு தூதன் சொன்ன நற்செய்தியே சந்தோஷ சமாச்சாரந்தானே, அத மொகத்த உம்முனு வச்சுக்கிட்டு நரகத்துல இருந்து ஆரம்பிச்சா யாரு கேப்பாங்க?

அக்கா கண்டிப்பா "எல்லா சாமியும் ஒண்ணுதான், நாங்களும் வேளாங்கண்ணி மாதாவ கும்பிடுவோம்"னு சொல்லுவாங்க. அங்க போய் வாக்குவாதத்துல எறங்காதீங்க, அவங்க சாமிய பத்தி ஒரு வார்த்த பேச வேணாம், அதுக்காக தலையாட்டி ஆமா போடவும் வேணாம். "எனக்கு அவரு மட்டுந்தான்கா, ஏன்னு கேட்டீங்கன்னா சொல்றேன்"னு நிறுத்திடுங்க. கேக்குறவங்களுக்கு சாந்தமா, மரியாதையா பதில் சொல்ல ரெடியா இருங்கன்னுதான் 1 பேதுரு 3:15லயும் இருக்கு.

கேரல் விஷயம். வார்டு ஆபீஸ்ல முன்னாடியே சொல்லி வைங்க, ராத்திரி நேரம் ஆகுறதுக்குள்ள முடிங்க, ஸ்பீக்கர் வேணாம். மத்த மதத்துக்காரங்க வாசல்ல அவங்க வரச் சொன்னா மட்டும் ரெண்டு பாட்டு, ஒண்ணு பர்மீஸ்ல. உண்டியல அந்த வாசல்ல நீட்டவே நீட்டாதீங்க.

சட்டமும் தெரிஞ்சு வச்சுக்கங்க. இந்த நாட்டுல 2015ல வந்த மதமாற்ற சட்டப்படி 18 வயசு ஆனவங்கதான் மதம் மாற விண்ணப்பிக்க முடியும், டவுன்ஷிப் போர்டு முன்னாடி நேர்காணல் இருக்கு, ஆசை காட்டியோ நெருக்கடி குடுத்தோ மாத்துறது குத்தம். அடுத்தவங்க மத உணர்வ வேணும்னே புண்படுத்துனா பீனல் கோடு 295A, 298 இருக்கு. அதனால அக்கா புள்ளைங்களுக்கு பரிசு குடுக்கணும்னா அக்கா கையிலயே குடுங்க, சண்டே ஸ்கூல் ப்ரோக்ராமுக்கு கூட்டிட்டுப் போகணும்னா அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டு கூட்டிட்டுப் போங்க.

கைப்பிரதி எப்பன்னா, "இன்னும் படிக்க எதாச்சும் இருக்கா"ன்னு அவங்களா கேக்குற அன்னைக்கு. அப்பவும் நான் கைப்பிரதிய விட லூக்கா சுவிசேஷத்தையே குடுப்பேன், எதிர்வீட்டுக்கு பர்மீஸ்ல, அக்காவுக்கு தமிழ்ல, அக்காவுக்கு தமிழ் படிக்க வராதுன்னா ஆடியோவா வைபர்ல அனுப்பலாம்.

ஒண்ணு நீங்க கேக்கல, ஆனா வரும். மூணு வாரத்துல பொங்கல், அக்கா கூப்பிடுவாங்க, நம்ம கேக்க அவங்க சாப்பிட்டிருக்காங்க, நீங்க போகாம இருக்கக்கூடாது. படைச்சத சாப்பிட மனசாட்சி எடம் குடுக்கலைன்னா, சபைக்கு சபை இதுல கருத்து வேறதான், வாங்கிட்டு வந்து குப்பையில போடுற வேல மட்டும் வேணாம், முந்தின நாளே போயி "அக்கா, படைக்கிறதுக்கு முன்னாடி எங்களுக்கு கொஞ்சம் தனியா எடுத்து வைங்க"ன்னு சொல்லிடுங்க.