டியூபா சோலோ: கார்னெட் தாளுக்கு 1,850 ரூபாயா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் எங்கள் சபை பேண்டில் என் மகன் ஈ பிளாட் டியூபா (அடித்தொனி தரும் பெரிய பித்தளை ஊதுவாத்தியம்) வாசிக்கிறான். அந்தக் காலத்துக் கச்சேரிகளில் விரல் வித்தை காட்டுவார்களே, அப்படி ஒரு சோலோவை ஆண்டுவிழாவில் வாசிக்க ஆசைப்பட்டான். 'ஈ பிளாட் டியூபா, பியானோவுடன்' என்று விளம்பரம் செய்திருந்த இணையக் கடையில் 1,850 ரூபாய் கட்டி, பிரெஞ்சு இசைக்கலைஞர் அர்பானின் 'வெனிஸ் கார்னிவல்' இசைத்தாளை வரவழைத்தோம். தனியாக வாசித்தால் நன்றாக இருக்கிறது. கீபோர்டு சேர்ந்தால் காது கூசுகிறது. ஏமாந்துவிட்டோமா?

பதில்: ஏமாந்துதான் இருக்கிறீர்கள். ஆனாலும் தாளைத் தூர எறிய வேண்டாம். நீங்கள் அனுப்பிய படத்தில் முதல் பக்கத்தின் இடது மூலையைப் பாருங்கள். 'பி பிளாட் கார்னெட்' (டிரம்பெட் போன்ற சிறிய ஊதுவாத்தியம்) என்ற எழுத்தின்மேல் துண்டுத்தாள் ஒட்டி நகலெடுத்திருக்கிறார்கள். ஓரத்தில் அந்த எழுத்தின் வால் எட்டிப் பார்க்கிறது.

பித்தளை பேண்டு வழக்கத்தில் கார்னெட்டுக்கும் டியூபாவுக்கும் ஒரே ட்ரெபிள் கிளெஃப் (எந்தக் கோடு எந்த ஸ்வரம் என்று காட்டும் குறி), ஒரே விரல் கணக்கு. அதனால்தான் பையனுக்குத் தாள் தங்குதடையின்றி ஓடுகிறது. கோளாறு சுருதியில். தாளில் 'ஸி' என்ற ஸ்வரமாக இருப்பதைக் கார்னெட் பி பிளாட்டாக ஒலிக்கும். அவன் வாத்தியம் ஈ பிளாட்டாக ஒலிக்கும். கீபோர்டில் சுருதி மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானை +5-இல் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள், சேர்ந்துவிடும். பேண்டில் பி பிளாட் டியூபா இருந்து அதில் வாசித்தால் அந்தப் பொத்தானும் வேண்டாம்.

அர்பான் 1889-இல் மறைந்தவர். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகளில் பதிப்புரிமை முடிகிறது. பழைய பதிப்பு இணைய இசை நூலகங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. டியூபாவுக்கென்று இப்போது புதிதாக அமைத்த பதிப்புக்கு மட்டும் பணம் கொடுப்பது நியாயம். நகலுக்கு 1,850 என்பது பகல் கொள்ளை.

விளம்பரத்தில் சொன்னதும் வந்ததும் வேறானால், 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி விற்றவர் திரும்ப வாங்க மறுக்க முடியாது. விளம்பரப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லையென்றால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

அடுத்த முறை பணம் கட்டும் முன் மாதிரிப் பக்கம் ஒன்று கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். அதற்கும் முன்னால், பேண்டு மாஸ்டரின் பழைய அலமாரியைத் திறந்து பாருங்கள். கறையான் விட்டுவைத்த கார்னெட் சோலோ எதுவும் உங்களுக்கு டியூபா சோலோதான். மூச்சுதான் இரண்டு மடங்கு செலவாகும். எங்கே மூச்செடுப்பது என்று முதலிலேயே பென்சிலால் குறித்துக்கொள்ளட்டும்.

டியூபாவுக்கென்றே எழுதியதுதான் வேண்டுமென்றால் கட்டோஸியின் பழைய வேரியேஷன் உருப்படி (ஒரே மெட்டை விதவிதமாக மாற்றி வாசிப்பது) ஒன்று உண்டு. அதன் பெயர் 'பியெல்சிபப்', அதாவது நம் வேதாகமத்தில் பிசாசுகளின் தலைவனான பெயெல்செபூல். சபை விழா நிகழ்ச்சி நிரலில் 'டியூபா தனி வாசிப்பு' என்று மட்டும் அச்சடியுங்கள்.