கிளாஸுக்குள் கெட்டர் தேவையா? கேள்வி பதில்

கோத்தகிரி, கல்லூரி மாணவி: ஐயா, நிரல் எழுதும்போது கிளாஸின் சொந்த மாறியை அதற்குள்ளேயே படிக்கவும் கெட்டர் (மாறியின் மதிப்பைப் படித்துத் தரும் மெத்தட்) வழியாகத்தான் போக வேண்டுமா?

வேண்டாம், நேரடியாக எடுங்கள். ஆனால் படிக்கும்போதே கணக்கு ஒன்று நடந்தால் நிலைமை வேறு. தேயிலைத் தொழிற்சாலைக்குக் கொழுந்து ரசீது எழுதும் கிளாஸை எடுத்துக்கொள்வோம். மழைநாளில் இலையோடு வரும் தண்ணீருக்குக் கழிவு உண்டு. அந்தக் கழிவைக் கெட்டருக்குள் வைத்துவிட்டு, பணம் கணக்கிடும் மெத்தடில் மாறியை நேரடியாக எடுத்தால் கழிவு விட்டுப்போகும். கெட்டரை அழைத்துவிட்டு அங்கேயும் கழித்தால் இரட்டைப் பிடித்தம்: 100 கிலோவுக்கு 10 சதவீதம் என்றால், 90 கிலோவுக்குப் பதிலாக 81 கிலோவுக்குத்தான் விவசாயிக்குப் பணம் போகும். பிழைச்செய்தி எதுவும் வராது. எனவே மாறிக்குத் 'தராசு எடை', மெத்தடுக்கு 'நிகர எடை' என்று பெயரைப் பிரித்து வையுங்கள்.

குன்னூர்: கெட்டரால் வேகம் குறையுமே?

ஜாவாவில் கவலை வேண்டாம். நிரல் ஓடும்போதே அதை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிட் கம்பைலர், அடிக்கடி ஓடும் சிறிய கெட்டரின் வரிகளை அழைத்த இடத்திலேயே விரித்துவிடும்.

உதகை: கன்ஸ்ட்ரக்டரில் (பொருளை உருவாக்கும்போது ஓடும் பகுதி) செட்டரை (மாறிக்கு மதிப்பு ஏற்றும் மெத்தட்) அழைக்கலாமா?

கூடாது! துணை கிளாஸ் (உங்கள் கிளாஸை நீட்டித்து எழுதும் கிளாஸ்) அந்தச் செட்டரை மாற்றி எழுதியிருந்தால், அதன் மாறிகளுக்கு மதிப்பு ஏறும் முன்பே ஜாவா அதை ஓட்டிவிடும். அங்கே பூஜ்யமும் 'null' என்ற வெற்று மதிப்பும்தான் இருக்கும். கன்ஸ்ட்ரக்டரில் எப்போதும் நேரடி மாறிதான்.

குந்தா: கெட்டர் மெதுவாக ஓடாதா?

குன்னூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

அரவங்காடு: கோத்தகிரிக்குச் சொன்னதை ஏற்க முடியாது. நாளை துணை கிளாஸ் கெட்டரை மாற்றினால், நேரடியாக எடுத்த இடமெல்லாம் பழைய மதிப்பையே காட்டும்.

நியாயமான வாதம். இது பழைய சண்டை. ஸ்மால்டாக் என்ற நிரல்மொழியில் இன்னொரு பொருளின் மாறியை நேரடியாகத் தொட முடியாது. அதனால் அங்கே இந்தச் சண்டை முழுவதும் கிளாஸுக்கு உள்ளே நடப்பதைப் பற்றியதே. இரு கட்சியிலும் தேர்ந்தவர்கள் இருந்தார்கள். நான் நேரடிக் கட்சி. வராத துணை கிளாஸுக்காக ஒவ்வொரு வரியையும் சுற்றுவழியில் எழுதினால் படிப்பவர்தான் திணறுவார்.

கோத்தகிரி மாணவி: துணை கிளாஸ் வந்தே விட்டால்?

அன்றைக்கு மாற்றுங்கள். மாறி பிரைவேட் என்றால் திருத்தம் அந்த ஒரு கோப்போடு முடியும்.

அரவங்காடு: கிளாஸைப் பிறர் பயன்படுத்தும் நூலகமாக (லைப்ரரி) வெளியே கொடுத்துவிட்டால்?

அங்கே உங்கள் கட்சிதான் சரி. மாற்றி எழுத இடம் தருகிறீர்கள் என்றால், உள்ளேயும் கெட்டரையே அழைத்து அதை ஆவணத்தில் எழுதுங்கள். இடம் தரவில்லை என்றால் மாற்றி எழுதத் தடுக்கும் 'ஃபைனல்' என்ற சொல்லைப் போட்டுப் பூட்டுங்கள். எப்படியானாலும் கன்ஸ்ட்ரக்டரில் அழைக்காதீர்கள்.

கூடலூர்: பைத்தானில் வேகம்?

அங்கே ப்ராப்பர்ட்டிக்கு (மாறி போலத் தெரிந்தாலும் மெத்தடாக ஓடுவது) நேரச் செலவு உண்டு. பல லட்சம் முறை சுழலும் இடமானால் அளந்து பார்த்து முடிவெடுங்கள். வேகத்தைப் பற்றி இனிக் கேட்க வேண்டாம்.