மகள் கேட்கும் ஆல்பத்தை நிறுத்தச் சொல்லலாமா?

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். என் மகளுக்கு 23 வயது, வேலைக்குப் போகிறாள். இரண்டு வருடமாக ஒரு பையனைக் காதலித்தாள். நாங்களும் சம்மதித்து, கல்யாணப் பேச்சு வரைக்கும் வந்தது. நாலு மாதத்துக்கு முன்னால் திடீரென்று "இனி அவன் வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். காரணம் கேட்டால் பதில் இல்லை. அப்போதிலிருந்து ஞாயிறு பூசைக்கு வருவதில்லை, வீட்டில் செபமாலைக்கும் உட்காருவதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு மடோனா என்ற பாடகியின் 'லைக் எ ப்ரேயர்' ஆல்பத்தையே கேட்கிறாள். மாதாவின் பெயரை வைத்துக்கொண்டு ஒருத்தி இப்படியெல்லாம் பாடுவதா என்று எனக்கு ஆத்திரம். ஒருநாள் அந்த வீடியோவை அவள் பார்க்கும்போது பின்னால் நின்று நானும் பார்த்துவிட்டேன். எரிகிற சிலுவைகளுக்கு முன்னால் ஆடுகிறாள், கோயிலுக்குள்ளேயே ஒரு புனிதரை முத்தமிடுகிறாள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அதிலும் நாலாவது பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறாள். கல்யாணத்தில் நாம் கொடுக்கும் வாக்குறுதியைக் கேலி செய்கிற மாதிரி அதற்குப் பெயர். இனி அந்தச் சத்தம் இந்த வீட்டில் கேட்கக் கூடாது என்கிறார் அவள் அப்பா. பங்குச் சாமியாரை வீட்டுக்கு அழைத்து அவளிடம் பேச வைக்கலாமா என்று நான் யோசிக்கிறேன். என்ன செய்யட்டும்?
— ஒரு தாய்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

ஆல்பத்தை நிறுத்தச் சொல்ல வேண்டாம். சாமியாரையும் இப்போது அழைக்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சிலுவையைப் பற்றியும் முத்தத்தைப் பற்றியும் எழுதியதைவிட, போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிதான் என்னை உலுக்கியது. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் அந்த ஆல்பம் என்ன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். உங்கள் மகள் நாலு மாதமாக அதற்குள்தான் குடியிருக்கிறாள்.

முதலில் அந்தப் பெயர். மடோனா என்பது அவர் மேடைக்காக வைத்துக்கொண்ட பெயர் இல்லை, பெற்றோர் வைத்ததுதான். அவருடைய அம்மாவின் பெயரும் மடோனாதான். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துக் கத்தோலிக்கக் குடும்பம், ஆறு பிள்ளைகள். 1963ல் அந்த அம்மா மார்பகப் புற்றுநோயில் இறந்தபோது அவருக்கு வயது 30. மகளுக்கு 5. அந்த மகள் வளர்ந்து, உலகம் முழுக்கத் தெரிந்த பாடகியாகி, 30 வயதில் செய்த ஆல்பம் இது. அம்மா இறந்த அதே வயது. 1989 மார்ச்சில் வெளிவந்தது. இதை அவர் யாருக்குச் சமர்ப்பித்தார் தெரியுமா? தனக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்த அம்மாவுக்கு. இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் வந்த முதல் பதிப்புகளின் உறையில் பச்சௌலி எண்ணெய் வாசனை ஏற்றியிருந்தார்கள். பிரித்ததும் கோயில் தூப வாசனை வர வேண்டும் என்று. மதத்தைக் கேலி செய்ய நினைக்கிறவர் இவ்வளவு மெனக்கெட மாட்டார். தான் பிறந்து வளர்ந்த கோயிலை மறக்கவும் முடியாமல், அதோடு ஒத்துப்போகவும் முடியாமல் தவிக்கிற ஒருவருக்குத்தான் இப்படித் தோன்றும். இன்னொன்றும் உள்ளே இருந்தது. எய்ட்ஸ் என்றாலே ஆட்கள் விலகி ஓடிய காலம் அது. அந்த நோயைப் பற்றிய உண்மைகளைச் சொல்லி, நோயாளிகளிடம் இரக்கம் காட்டச் சொல்லும் ஒரு துண்டுத்தாளை ஆல்பத்தோடு வைத்தார்கள்.

சரி, வீடியோவுக்கு வருவோம். பின்னால் நின்று ஒரு நிமிடம் பார்த்தால் தீயும் முத்தமும்தான் கண்ணில் படும். முதலிலிருந்து பார்த்தால் அது ஒரு சாட்சியின் கதை. தெருவில் ஒரு பெண்ணை வெள்ளைக்காரக் கும்பல் தாக்குகிறது. உதவிக்கு ஓடி வந்த கறுப்பின இளைஞனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. நடந்ததைப் பார்த்தவள் மடோனா நடிக்கும் பெண். பயந்துபோய்க் கோயிலுக்குள் ஓடுகிறாள். அங்கே கம்பிகளுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் புனிதரின் சொரூபம் நிற்கிறது. நமக்குப் பார்த்ததும் மார்ட்டின் தெ போரஸ் நினைவுக்கு வருவார். முகம் மட்டும் அந்த இளைஞனின் முகம். சொரூபத்தின் கண்ணில் நீர் வழிகிறது. ஒரு கத்தியை எடுக்கும்போது அவள் இரண்டு உள்ளங்கையிலும் காயம் விழுகிறது. அது யாருடைய காயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் அவள் போலீஸ் நிலையத்துக்குப் போய் உண்மையைச் சொல்கிறாள், அவன் வெளியே வருகிறான். எரியும் சிலுவையும் அவர் கற்பனையில் பிறந்ததல்ல. கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டம் கறுப்பின மக்களை மிரட்டுவதற்காகச் சிலுவையை நட்டுக் கொளுத்தும். அமெரிக்காவில் அந்தக் காட்சியைப் பார்க்கிறவர்களுக்கு அது உடனே புரியும்.

அதற்காக உங்கள் மனம் புண்பட்டது தப்பு என்று சொல்ல மாட்டேன். கோயிலுக்குள் அந்த முத்தம் பலரைப் புண்படுத்தியது. வத்திக்கான் கண்டித்தது. அந்தப் பாட்டை வைத்து 50 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் விளம்பரம் எடுத்திருந்த பெப்சி, எதிர்ப்புக்குப் பயந்து அதை நிறுத்திவிட்டது. அதிர்ச்சி கொடுக்க வேண்டும் என்று தெரிந்தேதான் அவர் செய்தார். கடைசிப் பாட்டு எனக்கும் உவப்பில்லை. நாம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லும் உத்தம மனஸ்தாப மந்திரத்தைத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் முன்பதிவு கிடைக்காமல் கவுண்டரில் சண்டை போடுகிற ஆள் மாதிரி கத்துவதில் கொண்டுபோய் முடிக்கிறார். அந்த மந்திரத்தை முட்டி போட்டுச் சொல்லிப் பழகிய எனக்கு அது வலித்தது. ஆனால் மற்ற பத்துப் பாட்டையும் கேட்டவர்களுக்கு, கடவுளிடம் கோபித்துக்கொண்டும் கதவை விட்டு நகராமல் நிற்கிற ஒரு பெண் தெரிவாள். திருப்பாடல்களில் பாதி அப்படிப்பட்ட முறையீடுதானே, சகோதரி.

இப்போது உங்கள் கடிதத்தின் அந்த வரி. "நாலாவது பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறாள்."

'டில் டெத் டூ அஸ் பார்ட்' என்பது அதன் பெயர். மரணம் நம்மைப் பிரிக்கும் வரை என்ற அதே கல்யாண வாக்குறுதி. வேகமான தாளம். வார்த்தை புரியாவிட்டால் ஆட்டப் பாட்டு என்றே நினைப்போம். வார்த்தை வேறு. ஒரு கல்யாணம் வீட்டுக்குள்ளேயே சிதைகிற கதை அது. அவன் குடிக்கிறான். அவள் உள்ளே போய்விடுகிறாள். அவன் கத்தத் தொடங்குகிறான், பூச்சாடிகள் பறக்கின்றன. சண்டையை அவன் தொடங்குகிறான், பொய்யை அவள் தொடங்குகிறாள். போதும், முடிந்தது என்கிறாள். பிறகு திரும்பி வருகிறாள். மறுபடி முதலிலிருந்து. உடம்பில் பட்ட கன்றல் மறைந்துவிடும், நீ சொன்ன சொல்தான் பலமாக அடிக்கிறது என்று ஒரு இடத்தில் வருகிறது. நாவினால் சுட்ட வடு என்று நாம் பள்ளியில் படித்தோமே, அதுதான். நடிகர் ஷான் பென்னுடன் 1985ல் நடந்த திருமணம் முறிந்துகொண்டிருந்த நாட்களில்தான் இந்த ஆல்பம் உருவானது. வாக்குறுதியைக் கேலி செய்யும் தொனி எனக்கு இதில் கேட்கவில்லை. அதை நம்பிப் போய் அடிபட்டவளின் குரல்தான் கேட்கிறது.

உங்கள் மகளுக்கும் இப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரு பாட்டை வைத்து அப்படிச் சொல்லவும் முடியாது. தாளம் பிடித்திருக்கலாம், அவ்வளவுதான். ஆனால் நீங்கள் எழுதியவற்றைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். "அவன் என்னை விட்டுப் போய்விட்டான்" என்று அவள் சொல்லவில்லை. "அவன் வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறாள். காரணம் சொல்ல மறுக்கிறாள். வீட்டில் எல்லாருக்கும் பிடித்துப்போன ஒரு பையனை, கல்யாணப் பேச்சு வரைக்கும் வந்த பிறகு, ஒரு பெண் வேண்டாம் என்கிறாள் என்றால் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. கை நீட்டினானா, வாயால் கொன்றானா, போனைப் பிடுங்கிப் பார்த்தானா, எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான். அவள் என்ன பாட்டுக் கேட்கிறாள் என்பது பெரிய விஷயமே இல்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அவன் வீட்டாரும் அதே பூசைக்கு வருகிறவர்களா? அப்படியானால் அவள் ஏன் ஞாயிற்றுக்கிழமை வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை என்பதற்கு விசுவாசத்தைச் சந்தேகப்பட வேண்டியதே இல்லை. வேறு கோயிலில், வேறு நேரத்துப் பூசைக்கு நீங்களும் அவளும் மட்டும் போகலாமா என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். இப்போதே கேட்க வேண்டாம், அப்புறம்.

எனக்கு இந்த ஆல்பம் முதலில் கிடைத்தது இரவல் கேசட்டாக. நாலாவது பாட்டின் வேகம் ஓய்ந்ததும் வெறும் பியானோவோடு ஐந்தாவது தொடங்கும். 'ப்ராமிஸ் டு ட்ரை' என்று பெயர். ஒரு சின்னப் பெண்ணிடம் பேசுகிற பாட்டு. அவள் முகத்தை மறந்துவிடாதே, வலி முழுக்க அவளுக்கு இருந்தபோதும் உன் கண்ணீரைச் சிரித்தே துடைத்தவள் அவள் என்று சொல்கிற பாட்டு. அம்மா இறந்து இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு மகள் பாடுகிறாள். கேசட்டின் முதல் பக்கம் அதோடு முடிந்துவிடும். திருப்பிப் போட எழுந்திருக்க மனமில்லாமல் இருட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தது இன்னும் நினைவிருக்கிறது. கல்யாணம் உடைகிற பாட்டுக்கு அடுத்து அம்மாவைத் தேடுகிற பாட்டு. இந்த வரிசை தற்செயலாக அமைந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை. அந்தப் பாடகி தேடியபோது அம்மா இல்லை. உங்கள் மகளுக்கு அம்மா பக்கத்து அறையில் இருக்கிறீர்கள்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். அவள் அப்பா வீட்டில் இல்லாத ஒரு மாலை நேரமாகப் பார்த்துக் கதவைத் தட்டுங்கள். "நீ கேட்கிறதை நானும் கேட்கிறேன், முதலிலிருந்து போடு" என்று சொல்லி உட்காருங்கள். ஏன் பூசைக்கு வரவில்லை, ஏன் செபமாலைக்கு வரவில்லை என்று அன்றைக்கு ஒரு வார்த்தை வேண்டாம். இரண்டாவது பாட்டு உங்களுக்கே பிடித்துப்போகலாம். 'எக்ஸ்ப்ரஸ் யுவர்செல்ஃப்'. வைரமும் தங்கமும் கொடுப்பவன் போதாது பெண்ணே, மனதில் இருப்பதை அவன் வாய் திறந்து சொல்லட்டும், இரண்டாந்தரத்துக்கு இறங்கிவிடாதே என்று சொல்கிற பாட்டு. என் அத்தைமார்கள் இதையே வேறு வார்த்தையில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நாலாவது வரும்போது, "இது என்ன சொல்லுது, எனக்குப் புரியவில்லையே" என்று மட்டும் கேளுங்கள். அவள் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள். ஒன்றும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஐந்தாவது முடிகிற வரைக்கும் எழுந்து வராதீர்கள். அடுத்த வாரமும் போய் உட்காருங்கள்.

அவள் வாய் திறந்தால், நம்புங்கள். "அப்போதே ஏன் சொல்லவில்லை?", "நீ என்ன சொன்னாய், அவன் அப்படிச் செய்ய?" இந்த இரண்டு கேள்வியும் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. வந்தால் அவள் மறுபடி கதவைச் சாத்திக்கொள்வாள். அவன் இன்னும் போன் செய்கிறானா, வேலை செய்யும் இடத்தில் வந்து நிற்கிறானா, அவளுடைய படங்களை வைத்து மிரட்டுகிறானா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் குறுஞ்செய்தி எதையும் அழிக்க வேண்டாம். அவள் சம்மதத்தோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள், தேவைப்பட்டால் போலீசுக்கும் போங்கள். சாப்பாடும் தூக்கமும் கெட்டிருந்தால், அல்லது வாழப் பிடிக்கவில்லை என்கிற மாதிரி ஒரு பேச்சு வந்தால், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தள்ளிப் போடாதீர்கள்.

சாமியார் நல்லவராக இருக்கலாம். ஆனால் அவள் கேட்காமல் அவர் வீட்டுக்கு வந்தால், என்னை விசாரிக்க ஆள் கூட்டி வந்திருக்கிறார்கள் என்றுதான் அவளுக்குத் தோன்றும். அவளே பேச வேண்டும் என்றால் அவளே போகட்டும்.

அவள் அப்பாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். காட்டினால், எட்டாவது பாட்டை ஒருமுறை தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். 'ஓ ஃபாதர்'. அப்பாவின் கோபத்தில் வளர்ந்த ஒரு பெண், பெரியவளான பிறகு அவரை நினைத்துப் பாடுவது. உங்களையும் யாரோ காயப்படுத்தியிருக்கிறார்கள், வேண்டுமென்றே நீங்கள் கடுமையாக இருக்கவில்லை என்று என்றைக்காவது சொல்ல முடியும் என நினைக்கிறாள். அதைக் கேட்ட பிறகும் "இந்த வீட்டில் கேட்கக் கூடாது" என்று அவர் சொன்னால், எனக்கு மறுபடி எழுதுங்கள். மகள் பேசினாலும் எழுதுங்கள். அந்தக் கடிதத்தை அச்சில் போட மாட்டேன்.