பர்ஸில் 38 சென்ட்

கே: அமெரிக்காவே பாடிய பாட்டுகளை எழுதிய ஸ்டீபன் ஃபாஸ்டர் ஏன் ஏழையாகச் செத்தார்?

ப: குடி ஒரு காரணம்தான். ஆனால் குடிக்காதவராக இருந்திருந்தாலும் பெரிதாகத் தேறியிருக்க மாட்டார் என்பேன். 1848-ல் வந்த 'ஓ! சுசானா'வை ஆளாளுக்கு அச்சடித்து விற்றார்கள், அவருக்குச் சல்லிக்காசு தராமல். அப்புறம் ஒரு பதிப்பாளர் பிரதிக்கு 2 சென்ட் தர ஒப்புக்கொண்டார். மேடையில் ஆயிரம் தடவை பாடினாலும் காசு கிடையாது. இசைத்தட்டு பிறக்கவே இல்லை.

'ஓல்ட் ஃபோக்ஸ் அட் ஹோம்' கதை இன்னும் மோசம். முதலில் அதில் வந்தது பீ டீ என்ற நதி. பிடிக்காமல், அண்ணனோடு அட்லஸைப் புரட்டி, ஃபுளோரிடாவின் சுவானீயைப் பிடித்தார். நேரில் பார்த்ததே இல்லை! 1851-ல் அச்சான பாட்டில் எழுதியவர் என்று இருந்த பெயர் மேடைக்காரர் கிறிஸ்டியுடையது, ஃபாஸ்டரே சம்மதித்ததுதான். அடுத்த வருஷம் பெயரைத் திருப்பிக் கேட்டு எழுதினார். கிறிஸ்டி மசியவில்லை.

1864 ஜனவரியில், நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையில் 37 வயதில் இறந்தார். பர்ஸில் 38 சென்ட்டும் ஒரு துண்டுச்சீட்டும் இருந்தன.

கே: கறுப்பினத்தவரைக் கேலி செய்த பாட்டுகளாமே?

ப: சிலது அப்படித்தான். முகத்தில் கரி பூசிய வெள்ளையர்கள் பாடவென்றே எழுதியவை. மெட்டு இனிமை என்பதற்காக அதை மழுப்ப வேண்டாம். ஃபாஸ்டர் எழுதிய தன் மாநிலப் பாட்டில் இருந்த இழிசொல்லைக் கென்டக்கி 1986-ல்தான் மாற்றியது. ரொம்ப தாமதம்.