பணமும் வரவில்லை, புராஜெக்டும் நகரவில்லை: வேலையை நிறுத்திவிடலாமா?

கேள்வி: நான் தனியாக மென்பொருள் ஒப்பந்த வேலை செய்கிறேன். ஒரு நிறுவனத்தின் கிடங்கு இருப்புக் கணக்கு மென்பொருளை ஆறு மாதத்தில் முடித்துத் தருவதாக, மொத்தமாக ஒரு தொகை பேசி எடுத்தேன். இது ஐந்தாவது மாதம். பாதிகூட முடியவில்லை. பழைய டேட்டாவைக் கொடுக்கவே இரண்டு மாதம் இழுத்தார்கள், கொடுத்ததும் குப்பை. மேலாளர் போனில் புதிது புதிதாகக் கேட்பார், நானும் செய்துகொடுத்துவிடுவேன். கடைசி இரண்டு இன்வாய்ஸுக்குப் பணம் வரவில்லை. ‘இன்னும் ரெண்டு பேரைச் சேர்த்தாவது சொன்ன தேதிக்கு முடிங்க’ என்கிறார். வேலையை நிறுத்திவிட்டு வெளியேறலாமா?

பதில்: வெளியேறலாம். ஆனால் இன்றைக்கு வேண்டாம், இந்தக் கோபத்தோடு வேண்டாம்.

இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தில் 2010-ல் தீர்ப்பான ஒரு வழக்கைச் சொல்கிறேன். வைர நிறுவனமான டி பீர்ஸுக்கு மென்பொருள் செய்துதர ஒப்புக்கொண்ட அட்டோஸ் ஆரிஜின், வேலையின் சிக்கலைக் குறைவாக மதிப்பிட்டுவிட்டது. நடுவில் விழித்துக்கொண்டு, கூடுதல் பணத்துக்கும் புது நிபந்தனைகளுக்கும் சம்மதித்தால்தான் தொடர்வோம் என்று வேலையை நிறுத்தியது. ஒப்பந்தத்தையே கைவிட்டதற்குச் சமம் இது என்றார் நீதிபதி. நட்டஈடு கொடுக்கும் பொறுப்பு ஒப்பந்தக்காரர் தலையில் விழுந்தது.

பணம் தராவிட்டால் வேலையை நிறுத்தும் உரிமை தானாக வந்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பிரிட்டனில் கட்டுமான ஒப்பந்தக்காரர்களுக்கு 1996-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று அந்த உரிமையைத் தருகிறது. மென்பொருள்காரர்களை யாரும் அப்படி நினைத்துப் பார்க்கவில்லை. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். அதனால் உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து, பணம் தாமதமானால் என்ன செய்யலாம், எத்தனை நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், யார் எப்படி முறித்துக்கொள்ளலாம் என்பதைத் தேடிப் படியுங்கள். பிடிபடவில்லை என்றால் ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அந்தச் செலவு வீண் போகாது.

எழுதிய மென்பொருள் கோடை (code) அவர்கள் திறக்க முடியாதபடி பூட்டிவைப்பது, பாஸ்வேர்டை மாற்றுவது போன்ற யோசனைகள் யாராவது காதில் ஓதுவார்கள். பக்கத்திலேயே போகாதீர்கள். அமெரிக்காவில் ஓர் ஒப்பந்தக்காரர், தான் எழுதிக்கொடுத்த விரிதாள்கள் (ஸ்ப்ரெட்ஷீட்) அவ்வப்போது பழுதாகும்படி உள்ளே பொறி வைத்தார். ஒவ்வொரு முறையும் அவரையே கூப்பிட வேண்டும் என்பது கணக்கு. 2019-ல் ஆறு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

சரி, நிறுத்தாமல் என்ன செய்வது?

முதலில் இரண்டு நாள் ஒதுக்கி ஒரு நாள்வாரிக் கணக்கு எழுதுங்கள். எந்தத் தேதியில் யார் எதைக் கேட்டார், நீங்கள் எதைக் கேட்டு எப்போது கிடைத்தது, ஒப்பந்தத்தில் இல்லாத எந்த வேலையை எத்தனை நாள் செய்தீர்கள். நினைவை நம்பாதீர்கள், மின்னஞ்சல், போன் பதிவு, வாட்ஸ்அப், கிட் கமிட் (கோடில் செய்த ஒவ்வொரு மாற்றத்தின் பதிவு) எல்லாவற்றிலும் தேதி இருக்கிறது. உங்கள் தவறுகளையும் அதில் சேருங்கள். போனில் கேட்டதையெல்லாம் எழுத்தில் வாங்காமல் செய்துகொடுத்தது உங்கள் தவறுதான். நான் தொடக்க காலத்தில் ஒரு க்ளையன்ட்டுக்கு வாரம் தவறாமல் ‘திட்டப்படி நடக்கிறது’ என்று ரிப்போர்ட் அனுப்பியவன். அடுத்த வாரம் ஈடுகட்டிவிடலாம் என்ற நப்பாசை. கடைசியில் உண்மையைச் சொன்னபோது அவர்களுக்குத் தாமதத்தைவிட அந்த ரிப்போர்ட்டுகள்தான் கசந்தன.

பிறகு மீதி வேலையை அளங்கள். ‘எண்பது சதவீதம் முடிந்தது’ என்ற பேச்சே வேண்டாம். க்ளையன்ட் பக்கத்து ஆள் தன் கையால் ஓட்டிப் பார்த்து, சரி என்று சொன்னவை எத்தனை? அவை மட்டும்தான் முடிந்தவை.

உங்கள் புராஜெக்டில் எனக்கு மிகவும் கவலை தருவது டேட்டாதான். கிடங்குக் கணக்கில் குப்பை டேட்டா என்றால் என்னென்ன இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது: ஒரே பொருளுக்கு மூன்று குறியீடு, ஓரிடத்தில் பெட்டிக் கணக்கு, இன்னோரிடத்தில் உதிரிக் கணக்கு, பூஜ்யத்துக்குக் கீழே போன இருப்பு. எக்செல் வழியாக வந்திருந்தால் ‘00417’ என்ற குறியீடு ‘417’ ஆகியிருக்கும், சில குறியீடுகள் தேதியாகவே மாறியிருக்கும். இந்தத் தேதிக் கோளாறு தாங்காமல் 2020-ல் மனித ஜீன்கள் சிலவற்றின் பெயர்களையே மாற்றிவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எதேச்சையாக 200 வரிகளை எடுத்துக் கையால் சரிபாருங்கள்; எத்தனை பிழை, என்ன வகை என்று எண்ணி எழுதுங்கள். 417-ம் 471-ம் ஒரே பொருளா என்று முடிவு செய்ய உங்களால் முடியாது, முடிவு செய்யவும் கூடாது. அது கிடங்கைத் தெரிந்தவரின் வேலை. அவர்கள் பக்கத்திலிருந்து ஒருவர் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

ஆள் சேர்ப்பதைப் பற்றி: தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் மேலும் தாமதமாகும் என்று ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். ஐபிஎம்மில் ஓஎஸ்/360 என்ற கணினி இயங்குதள வேலையை நடத்திப் பட்ட அனுபவம் அது. ஒருவர் தனியாகச் செய்யும்போது பேசிக்கொள்ள வேறு ஆள் இல்லை. மூவரானால் மூன்று தொடர்புகள், ஐவரானால் பத்து. புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கப் போவதும் நீங்கள், அந்த நாட்களில் கோடு எழுதாமல் இருக்கப் போவதும் நீங்கள். டெஸ்ட்டிங்குக்கு ஒருவரைக் கேட்டால் அது வேறு கதை. உடனே பலன் தரும்.

இத்தனையும் கையில் வந்த பிறகு மேலாளருக்கு ஒரு பக்கக் கடிதம். அவருக்கு மேலே பணத்தை ஒப்புதல் செய்பவருக்கும் நகல் போக வேண்டும், ஆனால் முதலில் மேலாளரைக் கூப்பிட்டு ‘இதை அனுப்பப் போகிறேன்’ என்று சொல்லிவிடுங்கள். முதுகுக்குப் பின்னால் அனுப்பியதாக நினைத்துவிட்டால் அதன் பிறகு ஒன்றும் நடக்காது. கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

‘ஒப்புக்கொண்ட 14 பகுதிகளில் 6 உங்கள் தரப்பால் சரிபார்க்கப்பட்டுள்ளன. ஒப்பந்தத்துக்கு வெளியே கேட்கப்பட்ட 9 மாற்றங்களுக்கு 31 வேலை நாட்கள் சென்றன, பட்டியல் இணைப்பில். டேட்டா மாதிரியில் 200-க்கு 58 வரிகளில் பிழை. இந்நிலையில் குறித்த தேதிக்கு முழுப் பணியும் முடியாது. மூன்று வழிகள் உள்ளன: சரக்கு வரவு, வெளியேற்றம் இரண்டை மட்டும் குறித்த தேதிக்குத் தருவது, முழுப் பணிக்கும் தேதியைத் தள்ளுவது, புதிய மாற்றங்களைத் தனி விலையில் பிறகு செய்வது. உங்கள் முடிவை இந்தத் தேதிக்குள் தெரிவிக்கவும். அதுவரை ஒப்பந்தப்படியான வேலை தொடரும்.’

எண்கள் என் கற்பனை, உங்களுடையதைப் போடுங்கள். ‘நீங்கள் இழுத்தடித்தீர்கள்’ போன்ற சொல் ஒன்றுகூட வேண்டாம், தேதிகளே பேசிக்கொள்ளும். கடைசி வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள், உங்களைக் காப்பது அதுதான். இன்வாய்ஸ் நினைவூட்டலைத் தனியாக, ஒப்பந்தம் சொல்லும் முறையில், கணக்குப் பிரிவுக்கு அனுப்புங்கள். இரண்டையும் கலந்தால் மிரட்டுவது போலாகிவிடும். இனி போனில் எது கேட்டாலும் அன்றே ‘நீங்கள் இன்று கேட்டது இது, ஆகும் நாள் இவ்வளவு, எழுத்தில் ஒப்புதல் கிடைத்ததும் தொடங்குகிறேன்’ என்று இரண்டு வரி.

‘பரவாயில்லை, இருக்கிறபடியே கோ-லைவ் போய்விடலாம்’, அதாவது அப்படியே பயன்பாட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்ற பதில் வரக்கூடும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநில சுகாதாரத் துறை 2010 மார்ச்சில் புதிய சம்பள மென்பொருளைக் குறைகள் தெரிந்தே ஓடவிட்டது. ஆயிரக்கணக்கானோருக்குச் சம்பளம் தப்பாகப் போனது. அதை ஓட்டவும் சீர்செய்யவும் ஆகும் மொத்தச் செலவு 120 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை போகும் என்று பின்னர் கணக்கிட்டார்கள். ஆகவே தெரிந்த பிழைகளின் பட்டியலோடு உங்கள் ஆட்சேபத்தை எழுதிக்கொடுங்கள். பழைய முறை சில வாரமாவது கூடவே ஓடட்டும்.

அதே விவகாரத்தில் உங்களுக்கு உதவும் இன்னொரு செய்தியும் உண்டு. அரசு பிறகு ஒப்பந்தக்காரர் மேல் வழக்குப் போட்டது. 2015-ல் நீதிமன்றம் ஏற்கவில்லை, ஏனென்றால் இரு தரப்பும் 2010-ல் கையெழுத்திட்ட சமரச ஒப்பந்தம் பழைய கோரிக்கைகளிலிருந்து ஒப்பந்தக்காரரை விடுவித்திருந்தது. உங்கள் கடிதத்துக்குப் பதிலே வராமல் வெளியேறத்தான் வேண்டும் என்றானால், நோட்டீஸ் காலத்தை முழுதாக முடியுங்கள், கூடவே இப்படி ஒரு சமரசத்தைக் கேளுங்கள்: இதுவரை செய்த வேலைக்கு இவ்வளவு, அதற்குமேல் ஒருவர்மீது ஒருவருக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை. பாக்கியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது அந்த வரியை வாங்குவேன் நான்.

ஒப்படைக்கும்போது ரெப்போ (கோடு முழுவதும் இருக்கும் களஞ்சியம்), சர்வர் விவரம், இன்னும் சரிசெய்யாத பிழைகளின் பட்டியல் எல்லாம் போகட்டும். உங்கள் பெயரில் உள்ள லாகின்களை நீக்கிவிட்டோம் என்று அவர்களிடமிருந்து அன்றே ஒரு மின்னஞ்சலும் வாங்கிக்கொள்ளுங்கள்.